தெற்கே கட்டிய கயிறு

மில்லை விட்டு ஓடி வந்தவன் என்று என்னைச் சொல்வார்கள். சரிதான், ஓடித்தான் வந்தேன். கோயம்புத்தூரில் இரண்டு வருடம் ராத்திரி ஷிப்டு பார்த்தேன். ஒரு புரட்டாசி நாள் சங்கு ஊதியும் உள்ளே போகாமல் கேட்டுக்கு வெளியே நின்றேன். மறுநாள் எங்கள் மலைக்கு ஏறி வந்துவிட்டேன்.

எங்கள் மலையில் சில ஊர்களைச் சேர்த்து ஒரு நாடு என்பார்கள். பெரக்கரை நாட்டில் எங்கள் ஊரின் கடைசி வீடு என்னுடையது. வந்து பார்த்தபோது மண்சுவர் நான்கும் மழையில் கரைந்து நின்றன. கூரை இல்லை. போன கார்த்திகைப் புயலில் போய்விட்டது என்றார்கள். என் மனைவி பாப்பாயி விதைப்பானையைத் தூக்கிக்கொண்டு திருப்புலி நாட்டில் இருக்கும் அவள் அப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு வருடமாகப் போகிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் விசாரிக்கவில்லை.

அழைத்து வரப் போனேன். மாமனார் செங்கோடன் வாசலில் மூங்கில் பிளந்துகொண்டிருந்தார்.

"வாங்க மாப்ள. மில்லுக்காரன் லீவு குடுத்தானா, நீங்களே எடுத்துக்கிட்டீங்களா?"

"நானே எடுத்துக்கிட்டேன் மாமா."

"உங்க ஊட்டுக்குள்ள படுத்தா நச்சத்திரம் எண்ணலாமாம். அதுக்குள்ள எப்பிடிங்க புள்ளய அனுப்பறது? ஆம்பள இல்லாத ஊடு. இவளே ஏறிக் கட்டுனா. பொம்பளக்கட்டு, காத்து ஊதுனதும் போயிருச்சு."

சாமை குத்திக்கொண்டிருந்த பாப்பாயி உலக்கையை நிறுத்தினாள். "கட்டு போகலீங்கப்பா. காத்து வேற பக்கமிருந்து வந்துச்சு. நூறு தடவ சொல்லிட்டேன்."

"வந்துட்டா. கார்த்திகக் காத்து நம்ம மலைக்கு வடக்காலருந்துதான் வரும். இவளுக்கு மட்டும் வழி மாறி வந்துச்சாக்கும்."

பாப்பாயி அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"கார்த்திக முடியட்டுங்க. கூரை நின்னுச்சுன்னா வாரேன். ரெண்டாந்தடவையும் போச்சுன்னா பரியத்தத் திருப்பிக் குடுத்துட்டு எங்கப்பன் வேற எடம் பாக்கட்டும். நான் வேண்டாங்க மாட்டேன். கூரை போன பொம்பளைன்னு இன்னொருக்கா பேரெடுக்க என்னால ஆகாது."

எங்கள் மலையில் அது நடக்கக்கூடியதுதான். மாப்பிள்ளை கொடுத்த பரியப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் கல்யாணம் முறிந்தது. ஆகவே அவள் மிரட்டவில்லை, விஷயத்தைச் சொன்னாள்.

கிளம்பும்போது ஒன்று கேட்டேன். "பிச்சுக்கிட்டுப் போன கூரை எங்க கெடந்துச்சு?"

"வடக்கால பள்ளத்துல. முகட்டு மூங்கிலும் அங்கதான்."

வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். வடக்கிலிருந்து வந்த காற்று கூரையைத் தெற்கேதான் எறிந்திருக்க வேண்டும்.

மில்லில் என் பக்கத்து மிஷினில் நாகப்பட்டினத்துக் கடற்கரை ஆள் ஒருவர் இருந்தார். தூக்கம் வராமல் இருக்க ஊர்ப்பேச்சு பேசுவார். "மொதல்ல வடக்கேருந்து அடிக்கும்யா. அப்புறம் சுத்தமா நின்னுடும். வெயில்கூட அடிக்கும். முடிஞ்சுதுன்னு கட்ட அவுத்தவன் வூடு போச்சு. தெக்கேருந்து திரும்பி வரும், மொதல்ல வந்ததுக்கு அண்ணன் மாதிரி." அவர்கள் கூரையின் இரண்டு பக்கமும் கயிறு இறக்கிக் கட்டுவார்களாம். கயிற்றுக்குள் கட்டையைச் செருகி முறுக்கிவிடுவார்களாம். தளர்ந்தால் இன்னொரு முறுக்கு. கடலையே பார்க்காத எனக்கு இது எதற்கு என்று அப்போது நினைத்தேன்.

எங்கள் ஊரில் மற்ற வீடுகளுக்குத் தெற்கே பெரிய பாறை உண்டு. என் வீட்டுக்குத் தெற்கே கேழ்வரகுக் காடு மட்டும்தான், தடுப்பு கிடையாது. அவர்கள் கூரை நின்றதற்கும் என் கூரை போனதற்கும் காரணம் அதுதான். பாப்பாயியின் கட்டு அல்ல.

கூரை மேய்வது எங்கள் ஊரில் கைமாற்று வேலை. நான் அவனுக்கு ஏறினால் அவன் எனக்கு ஏறுவான். இரண்டு வருடமாக நான் யார் கூரையிலும் ஏறவில்லை, ஆகவே என் கூரைக்கு யாரும் வரவில்லை. அது நியாயம். சுவர் பூசி, மூங்கில் வெட்டி, புல் அறுத்து, தனியாக மேய்ந்து முடிக்க ஐப்பசி முழுவதும் போனது. வடக்குப் பக்கத்தைப் பாப்பாயி கட்டும் முறையிலேயே கட்டினேன், மூன்று சுற்று, உள்முடிச்சு. தெற்கே உழுத மண், முளைக்குச்சி அடித்தால் நிற்காது. ஆறு பெரிய கற்களில் கத்தாழைநார்க் கயிற்றைச் சுற்றி, இடுப்பளவு குழி எடுத்துப் புதைத்தேன். கடற்கரை ஆள் சொன்னபடி ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு கட்டையைச் செருகி முறுக்கினேன்.

பக்கத்து வீட்டு அத்தாயி விறகுச் சுமையோடு நின்று பார்த்தாள்.

"ஏஞ்சாமி, தெக்கால எதுக்குக் கயிறு? போன காத்து எதையாச்சும் மறந்துட்டுத் திரும்பி வருமா?"

"வரும் அத்தை."

"மில்லுப் பஞ்சு மண்டைக்குள்ள போயிருச்சு."

"எடுக்க ஆளில்ல அத்தை."

ஊர் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தாள். நான் ஆறாவது குழியை மூடினேன்.

கார்த்திகை பத்தாம் தேதி காலை செங்கோடன் வந்தார். கூரையைப் பார்த்துவிட்டுப் போகத்தான். கூழ் குடித்து முடிப்பதற்குள் புளியஞ்சோலைப் பள்ளத்திலிருந்து காற்று ஏறி வந்தது. உச்சிப்பொழுது வரை வடக்கிலிருந்து அடித்தது. முகடு முனகியது. கதவை நானும் அவரும் முதுகு கொடுத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கூரை அசையவில்லை.

உச்சிக்கு மேல் சட்டென்று நின்றது. இலைகூட ஆடவில்லை. செங்கோடன் வெளியே போய் அண்ணாந்து பார்த்தார்.

"நின்னுருச்சு மாப்ள. ஆம்பளக்கட்டுன்னா இது."

"உங்க மக கட்டுற மாதிரியேதான் கட்டியிருக்கேன் மாமா. இன்னும் முடியல. உள்ள வாங்க."

"முடியலயா? வெளுத்துப்போச்சு பாருங்க. நான் கெளம்பறேன்."

நான் தெற்கே ஓடினேன். மழையில் மண் இளகிக் கற்கள் கொஞ்சம் மேலே இழுபட்டிருந்தன, ஆறு கயிறும் தொய்ந்து கிடந்தன. ஒவ்வொரு கட்டையாக முறுக்கினேன். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். "ராட்டை சுத்தறீங்களா மாப்ள?" என்றார். ஐந்தாவதை முடித்தபோது தெற்கே கேழ்வரகுக் காடு மொத்தமாகப் படுத்தது.

சத்தம் பிறகுதான் வந்தது. செங்கோடன் விழுந்தார். எழுந்தவர் வீட்டுக்குள் ஓடவில்லை, ஆறாவது கட்டையிடம் வந்தார். நான் முறுக்க, அவர் பிடித்துக்கொண்டார். முறுக்கு அவிழாமல் கட்டைக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத் தவழ்ந்துதான் உள்ளே போனோம்.

அந்தி வரை அடித்தது. முகட்டில் ஓரிடத்தில் புல் பறந்து வெளிச்சம் தெரிந்தது. மற்றபடி கூரை அப்படியே நின்றது. காற்று ஓய்ந்ததும் செங்கோடன் வடக்குப் பள்ளத்து ஓரத்தில் போய் நின்றார். பறந்த புல் எல்லாம் அங்கேதான் கிடந்தது. ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

"போன வருசமும் இப்பிடித்தானா மாப்ள?"

"உங்க மக நூறு தடவ சொன்னாங்களாமே."

அவர் துண்டைப் பிழிந்து தலையில் கட்டிக்கொண்டு நடந்தார்.

நான்காம் நாள் பாப்பாயி வந்தாள். தலையில் விதைப்பானை. கார்த்திகை முடிய இன்னும் பாதி மாதம் இருந்தது. அவள் உள்ளே வரவில்லை. பானையை வாசலில் இறக்கிவிட்டு, முதலில் வடக்குக் கட்டைத் தடவிப் பார்த்தாள்.

"எங்கப்பன் ஊர்க்கூட்டத்துல எந்திரிச்சுச் சொன்னாருங்க. என் கட்டு போகலீன்னு. யாரும் கேக்காமயே சொன்னாரு."

பிறகு தெற்கே போனாள். ஒவ்வொரு கயிறாக இழுத்துப் பார்த்தாள். ஆறாவதில் நின்றாள்.

"இது தொளதொளன்னு கெடக்குது. யாரு புடிச்சது?"

"உங்கப்பா."

"அதான பாத்தேன்."

கட்டையை அவளே ஒரு முறுக்கு முறுக்கி முட்டுக் கொடுத்தாள். அத்தாயி தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் பாதியில் விடாமல் முடித்தது அந்தக் கூரை ஒன்றுதான், அதை நான் எங்கேயும் சொல்வேன்.

பாப்பாயி கையைத் தட்டிக்கொண்டு வந்தாள்.

"பாத்துக்கிட்டே நிக்கறீங்க. பானையப் பரண்ல ஏத்துங்க. வெதச் சாமை, நனையக் கூடாது."

ஏற்றினேன்.