பத்துச் சுற்று

என் வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது. அவர் அதை என்னிடம் சொல்லிவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கீழ்வீட்டில் இப்படி இரண்டு பேர் இருந்தால் மேல்வீட்டில் யார்தான் நிம்மதியாக இருக்க முடியும்?

மேல்வீட்டில் இருப்பவர்கள் அந்நியர்கள் இல்லை. அவருடைய ஒரே தங்கையும் அவள் புருஷனும்தான். கீழே தெருவைப் பார்த்த அறையில் எங்கள் கடை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்போம். மாப்பிள்ளையும் இங்கேதான் வேலை செய்தார். ஒருநாள் இவரோடு வாய்த் தகராறு முற்றி, கோபித்துக்கொண்டு வேன் ஓட்டப் போய்விட்டார். அதற்கப்புறம் கடைக்கு வரும் மோட்டார்கள் குறைந்தன. மாடியில் ஒரு அறைக்குப் பூட்டும் விழுந்தது.

"பூட்டிக்கிட்டு உள்ள என்னதான் பண்றான்?" என்றார் இவர்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "கனமா எதையோ தரையில இழுக்கிறாங்க. டர்ருனு டேப் கிழிக்கிற சத்தமும் கேக்குது" என்றேன்.

"மோட்டார் காயிலுக்கு டேப் சுத்துறான்! நம்ம வாடிக்கைக்காரங்களையே வளைச்சுப் போட்டு, நம்ம தலைக்கு மேலயே கடை விரிச்சிருக்கான்."

அன்று மதியம் மாப்பிள்ளை சாப்பிட வந்த நேரம் பார்த்து, மாடியில் எல்லா சுவிட்சையும் அணைக்கச் சொன்னார். எதற்கு என்று கேட்டதற்கு, லைன் செக் பண்ணணும் என்று மட்டும் சொன்னார். பிறகு கடைச் சுவரில் இருக்கும் போர்டுக்கு வந்தார். மாடிக்குப் போகும் இரண்டு கம்பிகளில் ஒன்றை மட்டும் பிரித்து, கம்பியைக் கவ்விக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரின் வாய்க்குள் விட்டு மூடினார். இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் ஒன்றை ஒன்று அடித்துப் பூஜ்யம் காட்டிவிடுமாம். அதில் ஆள் கில்லாடி.

மீட்டர் 0.4 ஆம்ப் காட்டியது.

"பாத்தியா? எல்லாத்தையும் அணைச்ச பிறகும் மேல ஏதோ ஓடுது." அவர் முகத்தில் கோபத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம் தெரிந்தது. எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

இரண்டு பேரையும் கீழே கூப்பிட்டார். "மாப்பிள்ளை, பூட்டின ரூம்ல என்ன மிஷின் ஓடுது? சோறு போட்ட கடைக்கே துரோகம் பண்றீங்களே!"

மாப்பிள்ளைக்குக் காது சிவந்தது. நாத்தனார்தான் மீட்டரை உற்றுப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால் இதே பெஞ்சில் அண்ணனோடு உட்கார்ந்து காயில் சுற்றியவள் அவள்.

"அண்ணா, கம்பி ஒரே தடவை நுழையறப்ப இவ்வளவு சின்ன கரண்டை நம்பலாமா? பத்துச் சுத்து சுத்திப் பாரு. நெஜமாவே கம்பியில ஓடினா பத்து மடங்கு காட்டணும்."

"தாராளமா சுத்து. நாலு காட்டும், நாலு பேருக்குத் தெரியட்டும்."

அவள் மாடி பிரேக்கரை இறக்கினாள். கம்பியைக் கழற்றி, நடுவில் நீளமாக ஒரு ஒயரைச் சேர்த்து, அதை மீட்டரின் வாய் வழியே பத்து முறை சுற்றினாள். வாய் சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு பிரேக்கரை ஏற்றினாள்.

அதே 0.4.

நாத்தனார் அக்கம்பக்கம் பார்த்தாள். போர்டை ஒட்டிய பெஞ்சில் ஒரு பெரிய பம்பு மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. புதிதாகச் சுற்றிய மோட்டாரை அரைநாள் நிறுத்தாமல் ஓட்டிப் பார்த்துத்தான் கொடுப்பார் இவர். வானமே இடிந்து விழுந்தாலும் பாதியில் அணைக்கமாட்டார். அதற்குப் போகும் தடித்த கேபிள் மீட்டரை உரசியபடி தொங்கியது.

அவள் மறுபடி பிரேக்கரை இறக்கி, ஒயரை மொத்தமாக உருவி எடுத்தாள். காலி வாயை மூடி அதே இடத்தில் பிடித்தாள். அப்போதும் 0.4. கையை நீட்டி மோட்டாரை அணைத்தாள். எண் இறங்கி பூஜ்யத்தில் நின்றது.

"உன் மோட்டாரோட கரண்டுதாண்ணா இது. பக்கத்துல இருக்கிறதை மீட்டர் இழுத்துக்கிச்சு. எங்க கம்பியில ஒண்ணுமே ஓடலை."

இவர் மீட்டரை வாங்கி, திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தார். நானாக இருந்தால் அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவர் கேட்டது வேறு. "சரி, அப்போ அந்த ரூம்ல என்ன இருக்கு?"

மாப்பிள்ளை சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். மாடியேறிக் கதவைத் திறந்தார். உள்ளே மெஷினும் இல்லை, செம்புக் கம்பியும் இல்லை. சுவர் ஓரமாக அட்டைப் பெட்டிகள், டேப் ஒட்டி, கயிறு கட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக. மேல் பெட்டியில் 'சமையல் சாமான்' என்று நாத்தனாரின் கையெழுத்து.

"வீடு மாறப் போறீங்களா?" என்றார் இவர். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

"சொல்லப் பயந்துதான் பூட்டி வெச்சோம்" என்றாள் அவள். "வாயைத் தொறந்து கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேண்ணா. நீ மீட்டரைத்தானே கேட்ட."