ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம்

வாரத்துக்கு நூறு கிலோமீட்டர். பைத்தியம் பிடித்தவள்தான் இப்படி ஓடுவாள் என்று நீங்கள் சொல்வதற்கு முன்பே பெற்ற தாய் சொல்லிவிட்டாள். கோழிக் கம்பெனியில் பக்கத்தில் நின்று வெட்டுகிறவர்களும் சொல்லிவிட்டார்கள். சின்னவள் யாருக்கும் பதில் சொல்வதில்லை. ஷூக் கயிற்றை இறுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

கோழிக் கம்பெனி என்றால் குளிரூட்டிய ஒரு பெரிய ஹால். உரித்த கோழிகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே வரும். தொடை மூட்டில் கத்தியை நுழைத்து ஒரு திருப்பு, தொடை தனி. அடுத்தது. அதற்கடுத்தது. காலுக்குக் கீழே ரத்தமும் தண்ணீரும் ஓடிக்கொண்டிருக்கும். ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவர்கள் உட்கார ஒரு இடம் கிடைக்காதா என்று பார்ப்பார்கள். இவள் மட்டும் ஓடப் போவாள்.

முதல் இரண்டு கிலோமீட்டர் நரகம், அதில் சந்தேகமே வேண்டாம். முட்டி முனகும், குதிகால் கெஞ்சும், போதுமடி வீட்டுக்குப் போகலாம் என்று உடம்பு முழுக்க ஒப்பாரி வைக்கும். அப்புறம் எங்கேயோ, எந்த இடத்தில் என்று அவளுக்கே தெரியாது, அந்த ஒப்பாரி ஓய்ந்துவிடும். கால் தானாகப் போகும். மனசுக்குள் ஒரு சந்தோஷம் வந்து உட்காரும். அதற்கு வேறு பேர் வைக்க வேண்டாம், சந்தோஷம்தான். திங்கட்கிழமை ஓடிய களைப்பு செவ்வாய்க்கு மிச்சமிருக்கும், செவ்வாயின் களைப்பு புதனுக்கு. வெள்ளிக்கிழமை வரும்போது இரண்டு காலும் மரக்கட்டை. அந்த மரக்கட்டையையும் ஓட்டிக்கொண்டு போகலாம் என்று கண்டுபிடித்த நாளில், நடுரோட்டில் தனியாகச் சிரித்தாள். பந்தயம் எதிலும் ஓடியதில்லை, மெடலும் கிடையாது. அடுத்த வாரம் மறுபடியும் ஓடலாம் என்பதே அவளுக்குப் போதும்.

இவ்வளவு தூரம் ஓடுகிறவர்கள் வேகமாக ஓடுவதில்லை. பார்க்கிறவர்களுக்குப் புரியாத விஷயமே இதுதான். பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் வம்பு பேசிக்கொண்டே ஓடுகிற மாதிரி ஓட வேண்டும். பேச்சு திணறினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமைதான் நீண்ட ஓட்டம். அக்கா வீட்டைத் தாண்டிக் கால்வாய்ச் சாலைக்குப் போவாள். வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருக்கும் மாமா அவளைப் பார்த்ததும் தண்ணீர்க் குழாயை உயர்த்திக் கத்துவார்.

"எல்லாரும் வழி விடுங்கப்பா, ஊர்வலம் வருது!"

தெரு சிரிக்கும். மாமாவோடு சேர்ந்து சிரிக்காவிட்டால் என்ன ஆகும் என்பது தெருவுக்குத் தெரியும்.

மாமா என்றால் அக்காவின் புருஷன். வீடு காலி செய்கிறவர்களுக்குச் சாமான் தூக்கிக் கொடுப்பது தொழில். ஃப்ரிட்ஜை முதுகில் கட்டிக்கொண்டு ஒற்றை ஆளாக மூன்று மாடி ஏறுவார். சும்மா சொல்லக் கூடாது, ஒவ்வொரு கையும் ஒரு உலக்கை. அந்தக் கையால்தான் பெரியவளின் முன்பல் போனது. விலா எலும்பு போனது. ஒருநாள் சட்டை சரியாக மடியவில்லை என்று இஸ்திரிப் பெட்டியை அவள் முழங்கையில் வைத்து அழுத்தினார். நாசமாய்ப் போகிறவர். போன வாரம் செருப்புக் காலால் அவள் பாதத்தை மிதித்து நசுக்கியிருந்தார்.

ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறாள் என்று கேட்காதீர்கள். மூன்று தடவை போனவள்தான். மூன்று தடவையும் அவர் போன் செய்து அழுதார். அடிக்கிற கை எவ்வளவு பலமோ அழுகிற குரலும் அவ்வளவு பலம். "அம்மாடி, நான் செத்துடுவேன் அம்மாடி" என்று தேம்புவார். அந்தக் குரலைக் கேட்டால் பெரியவள் அங்கேயே கரைந்துவிடுவாள். பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வந்ததும் உண்டு. வந்த ஒவ்வொரு தடவையும் முன்னைவிட மோசமாக வாங்கினாள்.

இந்தத் தடவை குழந்தை. மூன்று வயசுப் பெண் பாலைக் கொட்டிவிட்டது என்று தூக்கி எறிந்தார். பீரோ கைப்பிடி பட்டு நெற்றி கிழிந்தது. அன்றுதான் பெரியவள், "இந்தத் தடவை போயிடணும்டி" என்று தானாகவே சொன்னாள். சின்னவள் அடுக்களை ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தாள். மற்ற நாட்களில் மாமா கதவை வெளியே பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கதவு திறந்திருக்கும். ஆனால் அன்றைக்கு அவர் வாசலிலேயே இருப்பார்.

"நான் அவரை இழுத்துட்டுப் போறேன். நீ பாப்பாவைத் தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடு" என்றாள் சின்னவள். தன் பழைய போனைக் கம்பிக்கு நடுவே நீட்டினாள்.

"இந்தக் காலை வச்சுக்கிட்டு ஊர்ந்துதான்டி போகணும். ரொம்ப நேரமாகும்."

"ஆகட்டும்."

"அவரு பிடிச்சிடுவாருடி உன்னை. உன் ஓட்டம்தான் எனக்குத் தெரியுமே."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடப் பிறந்தவளுக்கே இவ்வளவுதான் நம்பிக்கை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாமா வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் சாவி வண்டியிலேயே இருந்தது. சின்னவள் தெருமுனையில் திரும்பியதும் வழக்கம்போலக் குழாயை உயர்த்தினார். "வழி விடுங்கப்பா, ஊர்வ..."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் கையிலிருந்த செங்கல் வேனின் முன் கண்ணாடியில் இறங்கியது. கண்ணாடி முழுக்க விரிசல் விழுந்து உள்ளே சரிந்தது. மாமா வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பெண்டாட்டி முகத்தை எத்தனை தடவை கிழித்திருப்பார், அப்போதெல்லாம் வராத வலி கண்ணாடி உடைந்ததும் முகத்தில் வந்தது. சின்னவள் கதவைத் திறந்து சாவியைப் பிடுங்கினாள்.

"வேணும்னா வந்து வாங்கிக்கோங்க மாமா."

மாமாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சீட்டுக்கு அடியிலிருந்து சக்கரம் கழற்றுகிற ஸ்பேனரை உருவினார். முழங்கை நீளத்துக்கு இரும்பு.

ஐயோ, முதல் ஓட்டம் என்ன ஓட்டம்! பாரம் தூக்கின உடம்பு, அதில் கோபம் வேறு. கடைத்தெரு முடிவதற்குள் அவள் பின்கழுத்தில் அவர் மூச்சு பட்டது. ஸ்பேனர் காற்றைக் கிழித்துக்கொண்டு காதோரம் போனது. அடுத்த வீச்சு தோளில் விழுந்தது. இடது கை மரத்துப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு காலை எட்டிப் போட்டாள். கால்வாய்ச் சாலையில் ஏறியபோது பின்னால் செருப்புச் சத்தத்தின் தாளம் மாறியது. திரும்பிப் பார்த்தாள். மாமாவின் வாய் திறந்துவிட்டிருந்தது. அப்பாடா என்று அவளும் வேகத்தைக் குறைத்தாள்.

இனிமேல்தான் வித்தை. வேகமாகப் போனால் அவர் விட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். கைக்கு எட்டுகிற மாதிரி இருக்க வேண்டும், எட்டக் கூடாது.

"நில்லுடி! கொன்னு கால்வாயில போட்டுடுவேன்!"

"நின்னா சாவி கிடைக்கும், ஊர்வலம் கிடைக்காது மாமா. வாங்க, காத்து நல்லா வருது."

"உன் அக்காவை... இன்னிக்கு... உயிரோட..."

"பேசிட்டே ஓடாதீங்க, மூச்சு வாங்கும். உங்களுக்குப் பழக்கமில்லை."

இரண்டு கிலோமீட்டர் தாண்டியது. தோள் எரிந்தது, சட்டை முதுகில் ஈரமாக ஒட்டியது. ஆனால் கால் தானாகப் போக ஆரம்பித்துவிட்டது. ஒரு கொலைகாரன் இரும்போடு பின்னால் வருகிறான், இவளுக்கோ மனசுக்குள் அந்தச் சந்தோஷம் வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

அப்போதுதான் செருப்புச் சத்தம் நின்றது. மாமா முட்டியில் கை ஊன்றிக் காறித் துப்பினார். ஸ்பேனரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பினார். பெரியவள் இந்நேரம் தெருவைக்கூடத் தாண்டியிருக்க மாட்டாள். சின்னவள் சாலையோரத்து ஜல்லியில் கைக்கு அடக்கமாக ஒன்றை எடுத்து வீசினாள். அது மாமாவின் முதுகில் பட்டது. அவர் திரும்பவில்லை. அடுத்தது காதைக் கிழித்தது. காதைப் பொத்திய கை சிவப்பாக வெளியே வந்தது.

"அடிக்கத் தெரியும், வாங்கத் தெரியாதா? பொம்பளை எறிஞ்ச கல்லுக்கே வீட்டுக்கு ஓடறீங்களே!"

மாடு மாதிரி கத்திக்கொண்டு வந்தார். மறுபடி ஓட்டம், மறுபடி நிற்பது, மறுபடி கல். நாலாவது தடவை குனிந்தவர் நிமிரவே இல்லை. வாயிலிருந்து எச்சில் நூலாகத் தொங்கியது. ஆள் முடிந்தார் என்று நினைத்துச் சின்னவள் பக்கத்தில் போனாள். புத்தி கெட்டவள். குனிந்திருந்தது நடிப்பு. பின்னலைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக் கால்வாய்த் தடுப்புச் சுவரில் அவள் முகத்தை மோதினார். மூக்கு உடைந்த சத்தம் அவளுக்கே கேட்டது. இரண்டாவது மோதலில் கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது.

"ஓடுடி! இப்ப ஓடு பார்ப்போம்!"

மூன்றாவது தடவைக்குத் தலையைப் பின்னால் இழுத்தார். சாவி இன்னும் அவள் முஷ்டிக்குள்தான் இருந்தது. விரல்களுக்கு நடுவே அதை நீட்டிப் பிடித்து, முடியைப் பற்றியிருந்த மணிக்கட்டில் குத்தி ஒரு திருப்பு திருப்பினாள். மாமா அலறினார். ஒரு கொத்து முடியை அவர் கையிலேயே விட்டுவிட்டு அவள் பிய்த்துக்கொண்டு ஓடினாள். விட்டுவிடுவாரா? இப்போது சாவிக்காக இல்லை, கண்ணாடிக்காக இல்லை, அவளைக் கொன்றே தீர வேண்டும் என்று வந்தார். வரட்டும், வரட்டும் என்று வாயால் மூச்சு விட்டபடி போய்க்கொண்டே இருந்தாள். பாலத்தைத் தாண்டி, செங்கல் சூளையைத் தாண்டி, மனித நடமாட்டமே இல்லாத இடத்தில் மாமாவின் வலது முட்டி மடங்கியது. ஜல்லியில் முகம் தேய விழுந்தார். எழப் பார்த்தார், முடியவில்லை. வாந்தி எடுத்தார்.

ஸ்பேனர் உருண்டு போய்க் கிடந்தது. சின்னவள் அதை எடுத்தாள். எல்லாரும் நல்லவர்கள் என்று கதை சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அவள் அடித்தாள். பெரியவளின் எந்தப் பாதம் நசுங்கியதோ அதே பாதத்தில் முதல் அடி. அப்புறம் முழங்கையில். அவர் "அம்மா" என்றபோது அவளுக்கு நிறுத்தத் தோன்றவில்லை. ஓடும்போது வந்த சந்தோஷம் வேறு, இது வேறு என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் இன்னொரு அடி போட்டாள். அதற்குள் இடுப்புப் பையில் போன் அடித்தது.

"ஏறி உட்கார்ந்துட்டோம்டி" என்றாள் பெரியவள். பின்னால் பஸ் எஞ்சின் உறுமியது. "இன்னும் எடுக்கல. டிரைவர் கீழ நிக்கிறாரு. நீ எங்க இருக்க? அவரு எங்க?"

மாமாவின் கண் திறந்தது. யார் பேசுகிறார்கள் என்று புரிந்துவிட்டது. வாய் கோணியது, தொண்டை ஏறி இறங்கியது. "அம்மா..." என்று தேம்பலைத் தொடங்கினார். எத்தனை அடிபட்டும் அந்தக் குரல் மட்டும் அப்படியே இருந்தது.

சின்னவள் அவர் நெஞ்சில் முட்டியை ஊன்றி உள்ளங்கையால் வாயை அடைத்தாள்.

"என்னடி சத்தம்? அவரா? அவரு அழறாரா?" பெரியவளின் குரல் நடுங்கத் தொடங்கியது. "அடிபட்டுடுச்சாடி? நான் இறங்கட்டுமா?"

"நாய்க்கா." மாமாவின் பல் அவள் உள்ளங்கையில் இறங்கியது. "ரோட்டு நாய். குறுக்க வந்துடுச்சு."

"கடிக்கப் போகுதுடி, பார்த்து!"

"பார்த்துக்கறேன்." பல் சதையைத் தாண்டிப் போனது. கோழி மூட்டில் கத்தி நுழைகிற மாதிரி நரம்பு எங்கேயோ சுண்டியது. கையை எடுக்காமல் இன்னும் அழுத்தினாள். கண்ணீர் அவள் கன்னத்தில் இறங்கி அவர் நெற்றியில் விழுந்தது. "பாப்பா என்ன பண்றா?"

"ஜன்னல் வேணும்னு அடம் பிடிச்சா. மடியில வச்சிருக்கேன்." பெரியவள் நிறுத்தினாள். மாமா மூக்கு வழியாக முனகினார், நீளமாக. அந்தப் பக்கம் ஒரு பஸ் ஹாரன் அடித்தது, யாரோ டிக்கெட் டிக்கெட் என்றார்கள். கேட்டுவிட்டாள், இறங்கப் போகிறாள் என்று சின்னவளுக்கு உயிரே போய்விட்டது.

"அக்கா? அக்கா, இருக்கியா?"

"இருக்கேன்டி." எஞ்சின் சத்தம் ஏறியது. கியர் விழுந்தது. "வண்டி கிளம்பிடுச்சு."

அப்புறம் பெரியவள் மெதுவாகக் கேட்டாள்.

"நாய் போயிடுச்சாடி?"

மாமாவின் பற்களுக்கு நடுவிலிருந்து சின்னவள் கையை உருவினாள்.

"போயிடுச்சுக்கா" என்றாள். "இனிமே வராது."