நபாரியின் அங்கி வியர்த்த இரவு

நபாரி இறந்து ஐந்து ஆண்டுகள் ஆன பிறகும் அவனுடைய அங்கி ஆடிக்கொண்டுதான் இருந்தது. யாபிலி ஊரில் எந்த வீட்டில் கல்யாணம் நடந்தாலும், குழந்தைக்குப் பெயர் வைத்தாலும், அக்குளில் இடுக்கி அடிக்கிற உடுக்கைகளின் சத்தம் கேட்டவுடன் அது கொடியிலிருந்து இறங்கி, முற்றத்தில் குடைபோல விரிந்து சுழலும். உயிரோடு இருந்தபோது நபாரி சுழன்றது போலவேதான். சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கால் பிசகியதிலிருந்து இடப்பக்கம் திரும்பும்போது அவனுக்கு ஒரு சின்னத் தடுமாற்றம் உண்டு. அங்கியும் அந்த இடத்தில் தடுமாறியது. உள்ளே ஆள் இல்லை, அவ்வளவுதான். முதல் மாதம் அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தார்கள். பிறகு கினிக்கோழிகள்கூட அதைக் கண்டு ஒதுங்குவதை விட்டுவிட்டன.

ஆற்றில் படகு கவிழ்ந்த அன்று நபாரி வெறும் சட்டையோடு போயிருந்தான். அங்கியை அவன் மனைவி சனாத்து காலையில்தான் துவைத்துப் போட்டிருந்தாள். அக்கரையில் ஆட்டம் இருக்கிறது, கொடு என்று அவன் நச்சரித்தான். "காயட்டும். ஈரத்தோட போட்டா காய்ச்சல் வரும்" என்று அதட்டி அனுப்பினாள். அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசியது. நண்பகலில் கொடியில் கிடந்த அங்கி, காற்றே இல்லாமல் சுழல ஆரம்பித்தது. அதன் பிறகு சனாத்து அதைத் துவைத்ததில்லை. வியர்வையே படாத துணியில் துவைப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் உடம்பு இல்லாத துணி சுவரில் மோதும், அடுப்புக் கல்லில் உரசும். பட்டைபட்டையாக நெய்து இணைத்த அங்கி ஓரத்திலிருந்து நூல் நூலாகப் பிரிந்தது. முழங்காலைத் தொட்டது இடுப்புக்கு ஏறிவிட்டது. தைத்துத் தைத்துப் பார்த்தாள். நெசவாளி கையை விரித்தார். பெட்டியில் பூட்டினால் பெட்டியே நகர்ந்து வாசலுக்கு வந்தது. கடைசியில் ஆடு கட்டும் கயிற்றால் தூணோடு கட்டினாள்.

"அண்ணி, எங்கண்ணனே உனக்கு அடங்கல. அவன் துணியா அடங்கப்போகுது?" என்றாள் நாத்தனார் அஃபிசா.

மறுமணம் பேசி வந்தவர்களிடம், வீட்டுக்காரர் வீட்டில்தானே இருக்கிறார் என்று சனாத்து சொல்லி அனுப்பிவிடுவாள். இந்த வறண்ட காலத்தோடு அங்கி தீர்ந்துபோகும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. கடைசி நூலும் பிரிந்துவிட்டால் அந்தத் தடுமாற்றத்தை அவள் எங்கே போய்ப் பார்ப்பாள்?

அந்த ஆண்டு கானா முழுவதும் நிலக்கடலை விலை விழுந்தது. அதனால் கல்யாணங்கள் தள்ளிப்போயின. உடுக்கைக்காரர் இசாகு மட்டும் மகள் கல்யாணத்தைத் தள்ளிப்போடவில்லை. அன்று குமாசியிலிருந்து வடக்கே வந்த பேருந்து ஊர் எல்லையில் அச்சு முறிந்து நின்றது. பயணிகள் எல்லாரும் கல்யாண வீட்டில் களி சாப்பிட்டார்கள். அவர்களில் தூரே என்று ஒரு வெளிநாட்டுக்காரன், நெட்டையன், வெயிலில் கழுத்து சிவந்தவன். இரவுத் தொழுகை முடிந்து ஆட்டம் சூடேறியதும் அவனும் வட்டத்துக்குள் இறங்கினான்.

இசாகு உடுக்கையை நிறுத்தினார். யாபிலியில் வெறுமனே ஆட முடியாது. ஆடுகிறவனின் பாட்டன் பூட்டன் பெயர்களை உடுக்கை சொல்லிக் கூப்பிட வேண்டும். அப்போதுதான் கால் எழும்.

"தம்பி, நீ யாரு வீட்டுப் பிள்ளை? உன் தாத்தா பேரு என்ன?"

பேருந்து ஓட்டுநர் மொழிபெயர்த்துக் கேட்டார். "தெரியாதாம் மாமா. இவங்க அப்பா பொறக்குறதுக்கு முன்னாடியே தாத்தா கப்பலேறிப் போயிட்டாராம். திரும்பலையாம். பேரு கூட யாரும் சொல்லலையாம்."

"பேரில்லாம எதைப்பா அடிக்கிறது?" என்றார் இசாகு. அவருக்கும் வருத்தம்தான்.

"இவன் உசரத்துக்கு ரெண்டு தாத்தா வேணும்!" என்று யாரோ கத்த, கூட்டம் சிரித்தது. தூரேயும் சிரித்தான். பிறகு கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல், காது சிவந்து, வட்டத்தின் நடுவிலேயே நின்றான்.

சனாத்து எழுந்து வீட்டுக்குப் போனாள். தூணில் அங்கி கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தது. இன்னொரு பட்டை பாதி கழன்று தொங்கியது. நெட்டையனின் தோளில் இது கிழிந்தே போகலாம். விடிந்ததும் அவனோடு பேருந்து ஏறியும் போகலாம். கொஞ்ச நேரம் முடிச்சைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு அவிழ்த்துவிட்டாள்.

அவள் திரும்பி வருவதற்குள் அங்கி அவன் தலைவழியே இறங்கியிருந்தது. இசாகு உடுக்கையை மறுபடி அக்குளில் இடுக்கினார். நபாரியின் பாட்டன் பூட்டன் பெயர்களை ஒவ்வொன்றாக உடுக்கையில் கூப்பிட்டார். தூரேயின் கால்கள் எழுந்தன. வலப்பக்கம் சுழன்றான், தாழ்ந்தான், நிமிர்ந்தான். இடப்பக்கம் திரும்பும்போது தடுமாறினான்.

அஃபிசா சனாத்துவின் கையைப் பிடித்தாள். "அண்ணி... முழங்கால்."

சனாத்து வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கியின் முதுகு நனைந்து கறுத்திருந்தது. ஆடுகிறவன் வியர்த்தால் அவன் மனைவிதான் வட்டத்துக்குள் போய் முகத்தைத் துடைக்க வேண்டும். அவள் தலைத்துணியை அவிழ்த்தாள்.

"அண்ணி, ஊரே பாக்குது!"

"பாக்கட்டும். என் புருஷனுக்கு வேர்க்குது" என்றாள். ஆடிக்கொண்டே உள்ளே போய், அந்நியனின் நெற்றியைத் துடைத்தாள். பெண்கள் குலவையிட்டார்கள். சேவல் கூவும்வரை உடுக்கை நிற்கவில்லை.

விடிந்ததும் அங்கி சாதாரணத் துணியைப் போலக் கழன்று வந்தது. தூரே அதை மடித்து இரண்டு கைகளாலும் நீட்டினான். "உன் ஊர்ல யாராவது தாத்தா பேரைக் கேட்டா நபாரி வீட்டுப் பேரைச் சொல்லு" என்று இசாகு சொல்லியனுப்பினார். சனாத்து அங்கியைத் துவைத்தாள். பாதி கழன்ற பட்டை அதற்குமேல் பிரியவில்லை.

அதன் பிறகு பாட்டன் பெயர் தெரியாத லாரிக்காரர்களும், மாற்றலாகி வந்த வாத்தியார்களும், அநாதைப் பிள்ளைகளும் அந்த அங்கியைப் போட்டுத்தான் ஆடினார்கள். எவ்வளவு தூரத்து ஆட்டமானாலும் விடியும்போது சுவரேறிக் குதித்து வீட்டுக்கு வந்துவிடும், தெருப் புழுதியும் வியர்வை நாற்றமுமாக. சனாத்து திட்டிக்கொண்டே துவைத்துக் கொடியில் போடுவாள். சில நாள் அது காய்வதற்குள் அக்கரையிலிருந்து உடுக்கைச் சத்தம் கேட்கும். அங்கி கொடியை இழுத்துப் பார்க்கும். அவள் களி கிளறும் கரண்டியோடு வெளியே வருவாள்.

"சரி, போ. ஈரத்தோடயே போ" என்பாள்.

அது போகும்.