முள்ளா, மணியா

சலவைக் கூடத்தில் இஸ்திரி போடுகிறவளுக்கு நாத்தனார் கறாராகச் சொல்லிவிட்டாள்: மாடித் தொட்டி இன்னொரு தடவை வழிந்தால் கீழ்வீட்டு மோட்டார் சுவிட்சுக்குப் பூட்டு, சாவி தன் இடுப்பில். அப்புறம் மேல்வீட்டு இஸ்திரிக்காரி ஒவ்வொரு குடத்துக்கும் படியிறங்கி வந்து கெஞ்ச வேண்டியதுதான். நாத்தனாரையும் குறை சொல்ல முடியாது. அவள் தையல்காரி. கீழ்வீட்டு வாசலில் தைத்து மாட்டியிருக்கும் துணிகள் மேல்தான் அத்தனை தண்ணீரும் வந்து கொட்டும்.

இஸ்திரிக்காரி அப்போதுதான் ரேடியோ மெக்கானிக் விடுமுறை நாளில் நடத்தும் வகுப்பில் சேர்ந்திருந்தாள். முதல் வேலையாகத் தொட்டியையே எடுத்துக்கொண்டாள். மெக்கானிக் அவளைவிடப் பத்து வயது சின்னவன்.

"ரெண்டு வழி இருக்குக்கா. டிஜிட்டல்னா தண்ணி கம்பியத் தொட்டதும் மணி அடிக்கும், தொடலன்னா கம்முனு கெடக்கும். நடுவுல ஒண்ணும் கிடையாது. அனலாக்னா தண்ணி ஏற ஏற மீட்டர் முள்ளும் கூடவே நகரும். எது வேணும்?"

அவள் யோசிக்கவே இல்லை. இஸ்திரிப் பெட்டியின் சிவப்பு விளக்கை அவள் ஒருநாளும் நம்பியதில்லை. எரியும், அணையும், சூடு எவ்வளவு என்று சொல்லாது. ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்து, சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டுதான் துணியில் வைப்பாள்.

"முள்ளே குடு தம்பி. கொஞ்சம் கொஞ்சமா சொல்றதுதான் உண்மை பேசும்."

பழைய ரேடியோவின் வால்யூம் குமிழில் ஒரு கம்பி. கம்பி நுனியில் மிதக்கும் காலி டப்பா. தண்ணீர் ஏறினால் டப்பா ஏறும், குமிழ் திரும்பும், நாத்தனார் வீட்டுச் சுவரில் முள் நகரும். ஈயம் பற்றவைத்ததில் இரண்டு விரல் சுட்டது. இஸ்திரிக் கைக்கு அதெல்லாம் ஒரு சூடா?

மோட்டாரைப் போட்டுவிட்டு இஸ்திரிக்காரி, அவள் புருஷன், நாத்தனார் மூன்று பேரும் முள்ளின் முன் நின்றார்கள். தொட்டியில் அலையடிக்க, முள்ளும் நடுங்கியது.

"முக்கா தொட்டி," என்றான் புருஷன்.

"கண்ணு அவிஞ்சு போச்சாடா? முக்காலுக்கே இன்னும் நூலளவு பாக்கி," என்றாள் அவன் அக்காவான நாத்தனார்.

"இல்ல அண்ணி, தாண்டிருச்சு. நிறுத்திடுவோம்."

"அளவெடுத்தே பொழைக்கிறவ நான். எனக்கே அளவு சொல்றியா? இன்னும் ரெண்டு நிமிஷம் தாராளமா ஓடும்!"

புருஷன் பக்கவாட்டில் குந்தினான். "இங்கேர்ந்து பாத்தா பாதிதான்க்கா!"

அவர்கள் வழக்காடிக்கொண்டிருக்கும்போதே வாசலில் சளசளவென்று சத்தம் கேட்டது.

சொட்டச் சொட்டத் தொங்கிய சட்டைகளைப் பார்த்தாள் நாத்தனார். பூட்டை எடுக்கப் போன கை பாதியில் நின்றது. யாரைத் திட்டுவது? ரெண்டு நிமிஷம் ஓடும் என்றது அவள் வாய்தானே! "இன்னும் ஒரு வாரம் பாப்பேன்," என்றாள் எங்கேயோ பார்த்துக்கொண்டு. "ஆளுக்கொரு மூஞ்சி காட்டுது அந்த முள்ளு."

விஷயத்தைக் கேட்ட மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தான்.

"முள்ளு மேல தப்பில்ல தம்பி," என்றாள் இஸ்திரிக்காரி. "எங்க வீட்டாளுங்களுக்குக் கொஞ்சம் எடம் குடுத்தா போதும், பேசியே தொட்டிய வழிய விட்டுருவோம். தொட்டா அடி, இல்லன்னா கம்முனு இரு. அதையே குடு."

இரண்டு கம்பிகளைத் தொட்டி விளிம்புக்கு ஒரு சாண் கீழே தொங்கவிட்டாள். மணியைக் கீழே மோட்டார் சுவிட்சோடு இணைத்தாள்; மோட்டாரை அணைத்தால்தான் அது வாய் மூடும்.

அடுத்த நாள் நாத்தனார் மிஷினை மிதித்துக்கொண்டிருக்கையில் மணி வீறிட்டது. "இரு, இந்தச் சட்டைக் கைய முடிச்சுட்டு வர்றேன்," என்றாள். மணி அவள் பேச்சைக் கேட்கவில்லை, அடித்துக்கொண்டே இருந்தது. காதைப் பொத்திக்கொண்டு ஓடி சுவிட்சை அணைத்தாள். வாசலில் ஒரு சொட்டு விழவில்லை.

"நிறுத்திட்டீங்களா அண்ணி?" மாடிப்படியிலிருந்து குரல் வந்தது.

"நிறுத்தாம? எந்தம்பியா இது, ஒரு அதட்டு போட்டா அடங்குறதுக்கு?" பூட்டைத் தூக்கி நூல்கண்டுப் பெட்டிக்குள் போட்டாள்.

இஸ்திரிக்காரி முள்ளைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவரோடு இறங்கி வந்தாள்.

"அது கெடக்கட்டும். எனக்குப் பேச்சுத்தொணைக்கு ஆச்சு. பாரு, கம்பியத் தொட இன்னும் நூலளவு பாக்கி."

மணி இப்போதுதான் அடித்து ஓய்ந்திருந்தது.

"ஆமா அண்ணி," என்றாள் இஸ்திரிக்காரி.