விற்காமல் நின்ற வீடு

கல்யாணமான புதிதில் அவர்கள் உண்மையாகவே வாங்கும் எண்ணத்தில்தான் வீடு பார்க்கப் போனார்கள். அவன் லிஃப்ட் மெக்கானிக். புதிதாக எழும்பும் அடுக்குமாடிகளில் லிஃப்ட் பொருத்துவது வேலை. அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்சை ஃபிரேமின் அளவுக்கு இழைத்துப் பொருத்துகிறவள். இருவருக்கும் மாதச் சம்பளம், இருவருக்கும் வீண்செலவு கிடையாது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டினால் என்றாவது கைக்கு எட்டிவிடும் என்று நம்பினார்கள். ஆனால் இவர்கள் சேர்க்கச் சேர்க்க, வீட்டு விலை எப்போதும் கொஞ்சம் முன்னால் போய் நின்றுகொண்டது.

"நாம படியேறிப் போறோம். அது லிஃப்ட்ல போகுது" என்றான் அவன் ஒருநாள்.

அதோடு வாங்கும் யோசனையை விட்டார்கள். வீடு பார்க்கப் போவதை மட்டும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் குளித்து, தேய்த்த துணி உடுத்தி, இரண்டு பஸ் மாறிப் போனார்கள். ஏன் போகிறோம் என்று இருவருமே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை.

அவர்கள் இருந்த வீட்டில் இருந்ததே இரண்டு அறைகள். ஒன்றில் அவனுடைய அண்ணன், அண்ணி, அவர்களுடைய குழந்தைகள். மற்றொன்று கூடம், சமையலும் அதிலேதான். ஒரு சுவரோரம் மாமனார் மாமியார் படுக்கை. எதிர்ச் சுவரோரம், ஒரு திரைக்குப் பின்னால், இவர்கள். மாமனார் இருமினால் திரை ஆடும். இவள் புரண்டு படுத்தால், "தூக்கம் வரலையாம்மா?" என்று மாமியாரின் குரல் அக்கறையோடு வரும். ஒருமுறை இருவருக்கும் கோபம் முற்றிவிட்டபோது, பஸ் நிறுத்தம் வரை நடந்துபோய், அங்கே நின்று சண்டை போட்டு முடித்துக்கொண்டு திரும்பினார்கள். அந்த வீட்டில் யாரும் பொல்லாதவர்கள் இல்லை. பொல்லாதவர்களாக இருந்திருந்தால் முறைத்துக்கொண்டு கிளம்பியாவது இருக்கலாம்.

ஊரின் கோடியில் ஒரு கம்பெனி அடுக்குமாடி கட்டி விற்றுக்கொண்டிருந்தது. வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக மாதிரி வீடு ஒன்றைக் கட்டில், மேசை, பிளாஸ்டிக் ஆப்பிள் சகிதம் அலங்கரித்து வைத்திருந்தார்கள். அதைக் காட்டுகிறவள் ஐம்பதை நெருங்கிய பெண்மணி. கொத்துச் சாவியும் கையுமாகவே திரிவாள் என்பதால் இவர்கள் தங்களுக்குள் அவளைச் சாவியக்கா என்பார்கள். அவள் எல்லாவற்றையும் காட்டிவிட்டு, "நிதானமா பாருங்க, நான் கீழ ஆபீஸ்ல இருக்கேன்" என்று இறங்கிப் போய்விடுவாள். அதற்காகவே மற்ற இடங்களை விட்டுவிட்டு இவர்கள் இங்கேயே வரத் தொடங்கினார்கள்.

அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்காருவார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை, பேசுவார்கள். முழுக்குரலில் பேசுவார்கள். வீட்டில் எல்லாருக்கும் முன்னால் அவனை 'நீங்க, வாங்க' என்பவள், இங்கே 'டா' போட்டுக் கூப்பிடுவாள். அதைக் கேட்பதற்காகவே அவன் வேண்டுமென்று ஏதாவது தப்பாகப் பேசுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு உடம்பு அடித்துப்போட்டது போலிருந்தது. அண்ணியின் சின்னக் குழந்தைக்குக் காய்ச்சல். வீட்டில் யாருமே சரியாகத் தூங்கியிருக்கவில்லை. மெத்தை எப்படியிருக்கிறது பார்ப்போம் என்று அந்தக் கட்டிலில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். எழுப்ப மனமில்லாமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அந்த நேரம் பார்த்து, வாங்கக்கூடிய குடும்பம் ஒன்றை அழைத்துக்கொண்டு சாவியக்கா மேலே வந்துவிட்டாள். அவன் பதறி எழுந்தான். அவள் கட்டிலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள். உள்ளே வேலை நடக்கிறது, இதே அளவு வீடு அடுத்த மாடியில் இருக்கிறது, வாருங்கள் என்று அந்தக் குடும்பத்தை அவள் நகர்த்திக்கொண்டு போனது அவன் காதில் விழுந்தது.

விழித்து விஷயம் தெரிந்ததும் அவளுக்கு மானம் போய்விட்டது. இறங்கிவந்து ஆபீஸ் வாசலில் நின்றாள்.

"அக்கா, நாங்க வாங்குற ஆளுங்க இல்ல."

"தெரியும்மா. முதல் தடவையே தெரியும். வாங்குறவங்க குழாயைத் திறந்து பார்ப்பாங்க. நீங்க கதவைச் சாத்திப் பார்த்தீங்க."

அதன் பிறகு மறைக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. சாவியக்காவும் தன் கதையைச் சொன்னாள். ஊரில் பாதிப் பேரை வீட்டில் குடியேற்றியவள், தான் மட்டும் இரண்டு பெண்களோடு ஒரு வாடகை அறையைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தாள். அதைச் சொல்லும்போது சிரித்தாள், நன்றாகவே சிரித்தாள்.

பிறகு வட்டி ஏறியது. விலைவாசியைக் கட்டுப்படுத்த வேறு வழியில்லை என்றது அரசாங்கம். கடன் வாங்கி வீடு வாங்க நினைத்தவர்களெல்லாம் மாதத் தவணையைக் கேட்டதும் பின்வாங்கினார்கள். வாங்க ஆளில்லாததால் கட்டுவது நின்றது. பாதியில் நின்ற கட்டடத்துக்கு லிஃப்ட் எதற்கு? அவனுடைய ஓவர்டைம் போயிற்று, கூட வேலை பார்த்த சிலருக்கு வேலையே போயிற்று. கண்ணாடிக் கடையிலும் அது தெரிந்தது. புது ஃபிரேம் கேட்பாரில்லை. பழைய ஃபிரேமிலேயே லென்சை மாற்றித் தரச் சொன்னார்கள். விலையாவது இறங்கும் என்று பார்த்தால், வாங்க முடியாதவர்கள் எல்லாரும் வாடகை வீட்டுக்குப் போட்டி போட்டதில் வாடகை ஏறியதுதான் மிச்சம்.

கட்டி முடித்த வீடுகள் பூட்டியே கிடந்தன. சாயங்காலமானால் அந்தக் கட்டடம் கும்மிருட்டாக நிற்கும். தப்பித்தவறி வருகிற ஒன்றிரண்டு பேரும் அதைப் பார்த்துத் தயங்கினார்கள். சாவியக்கா மேனேஜரிடம் போய், குறைந்த வாடகைக்குச் சிலரை வைத்தால் விளக்கெரியும், குழாய் துருப்பிடிக்காது, நாலு பேர் வாழ்கிற இடம் என்று தெரியும் என்று சொல்லிப் பார்த்தாள். பால்கனியில் துணி காயப்போட்டால் கட்டடத்தின் மதிப்பு போய்விடும் என்றார் அவர். இரண்டு வாரம் விடாமல் நச்சரித்து அவரைச் சம்மதிக்க வைத்தாள். முதல் சாவி இவர்களுக்கு வந்தது, மாதிரி வீட்டின் சாவியே. நிபந்தனை இருந்தது: எந்த நேரத்தில் யார் பார்க்க வந்தாலும் திறந்துவிட வேண்டும், விற்றுவிட்டால் ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும்.

வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள்தான் மாமியாரிடம் சொன்னாள். எதிர்ப்பு வரும் என்று நினைத்து இருபது காரணங்களைத் தயாராக வைத்திருந்தாள், எதுவும் தேவைப்படவில்லை. மாமியார் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துவிட்டு, தலையணை நம்மிடமே இருக்கிறது, வாங்கிக் காசைக் கரியாக்காதே என்று மட்டும் சொன்னார்.

அந்த வீட்டில் வாழ்வது தமாஷாகத்தான் இருந்தது. சோற்றில் கை வைத்திருக்கும்போது முன்பின் தெரியாதவர்கள் வந்து அலமாரியைத் திறப்பார்கள். அவள் குளித்துக்கொண்டிருக்க, வெளியே ஒருவர் சுவரைத் தட்டித் தட்டி உறுதி பார்ப்பார். வருகிறவர்களுக்கு அவன் லிஃப்டின் பெருமையை விளக்குவான். அவள் அடுப்பைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டு, இவர்களுக்குப் பிடிக்கக் கூடாதே என்று வேண்டிக்கொள்வாள். விற்றால்தான் சாவியக்காவுக்குக் கமிஷன் என்று நினைவு வந்ததும் நெஞ்சு குறுகுறுக்கும். கடைசியில் அதை அவளிடமே சொல்லிவிட்டாள்.

"நானும் வேண்டிக்கிறேன்ம்மா," என்றாள் சாவியக்கா, "வேற எல்லா வீடும் முதல்ல விக்கட்டும்னு."

ஒரு விடுமுறை நாளில் மாமியார் தனியாக வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினார். பால்கனியில் போய் நின்றுகொண்டு, திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போற அன்னைக்கு ஒரு நாள், மாமாவைக் கூட்டிட்டு இங்க வரட்டுமா?"

"இதென்ன கேள்வி, அத்தை? எதுக்குன்னு..."

"எதுக்கும் இல்ல. அவர்கிட்ட பேசணும்."

அவளுக்குப் புரியவில்லை. மாமியார் புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார்.

"நான் கல்யாணமாகி வந்தப்ப அவரோட அம்மா அப்பா இருந்தாங்க, தங்கச்சிங்க இருந்தாங்க. அப்புறம் பிள்ளைங்க, மருமகளுங்க. தனியா உக்காந்து பேசினதே இல்லம்மா. இப்ப பேசலாம்னா அவருக்குக் காது மந்தம். கத்திச் சொல்லணும். அந்த வீட்ல கத்தினா எல்லாருக்கும் கேக்கும். எல்லாருக்கும் கேக்கற மாதிரி பேசறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல."

அவள் உள்ளே போய் மாற்றுச் சாவியைக் கொண்டுவந்து மாமியார் கையில் வைத்தாள்.

அவர்கள் வருவதாக இருந்த வியாழக்கிழமை கடையில் அவளுக்கு வேலையே ஓடவில்லை. ஒரு லென்சை இழைத்துக் கெடுத்துவிட்டாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது தரை பளிச்சென்று துடைத்திருந்தது. மாமனார் பால்கனியில் நாற்காலி போட்டுப் படிய வாரிய தலையோடு உட்கார்ந்திருந்தார். மாமியாரின் கண்கள் சிவந்திருந்தன; முகத்திலோ ஒரு தெளிவு. என்ன பேசினார்கள் என்று இவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கிளம்பும்போது மாமனார் மட்டும், தன் காதுக்குத் தகுந்த சத்தத்தில், "வீடு நல்லாயிருக்கும்மா" என்றார். அதற்கப்புறம் வியாழக்கிழமைகளில் அவர்கள் வருவது வழக்கமாகிவிட்டது.

அடுத்த வருடம் வட்டி இறங்கத் தொடங்கியது. நின்ற கட்டடங்களில் மறுபடி வேலை நடந்தது, அவனுக்கு ஓவர்டைம் திரும்பி வந்தது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் வீடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக விற்றன. ஒருநாள் சாவியக்கா வந்து வாசலிலேயே நின்றாள். உள்ளே கூப்பிட்டும் வராமல் நின்றதைப் பார்த்ததுமே இவளுக்கு விளங்கிவிட்டது.

"யாருக்கா வாங்கறது?"

"வெளியூர்க்காரர். பணத்தைப் போட்டு வைக்க வாங்கறார்."

"உள்ள வந்துகூட பார்க்கலையே."

"போட்டோவுல பார்த்தாராம்."

வாங்கியவருக்கும் வாடகைக்கு ஆள் தேவைதான். அவர் கேட்ட வாடகைதான் இவர்களுக்கு ஆகாத தொகை. சாவியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, கமிஷன் எப்போது வரும் என்று கேட்டாள். உண்மையான அக்கறையோடுதான் கேட்டாள். அதைக் கேட்டதும் சாவியக்காவும் அழுதாள்.

பழையபடி திரைக்குப் பின்னால் போக வேண்டியதுதான் என்று அண்ணனும் அண்ணியும் கூடத்தை ஒழித்துவைக்கத் தொடங்கினார்கள். எல்லாரும் இருக்கையில் மாமியார், தன் கணவருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்.

"இவங்க திரும்பி வர வேணாம்."

அண்ணி திடுக்கிட்டுப் போனாள். மாமியார் பேச்சை நிறுத்தவில்லை.

"எவ்வளவு சின்ன இடமா இருந்தாலும் தனியா இருக்கட்டும். வாடகையை அவங்க பார்த்துக்கட்டும், ராத்திரி சாப்பாட்டை நாம பார்த்துக்கலாம்."

மாமனார் தலையாட்டினார். அந்த வீட்டில் அவர் ஒரு விஷயத்துக்கு அவ்வளவு சீக்கிரம் தலையாட்டி யாரும் பார்த்ததில்லை.

அலைந்து திரிந்து, ஒரு சலவைக் கடைக்கு மேலே ஓர் அறை கிடைத்தது. அவன் சம்பளத்தில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். சொந்த வீட்டுக்கென்று சேர்ப்பது இனி நடக்கிற காரியமில்லை. அதை இருவரும் பேசித் தெரிந்துகொண்டுதான் முன்பணம் கொடுத்தார்கள். கீழே இயந்திரங்கள் ஓடும்போது தரை லேசாக அதிர்ந்தது. அடுப்பின் முன்னால் ஒருவர் நின்றால் மற்றவர் வெளியே நிற்க வேண்டும்.

சாமான் ஏற்றிய அன்று சாவியக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையைத் துடைத்தாள். அவள் கிளம்பிய பிறகு மாமியாரும் மாமனாரும் வந்தார்கள். செங்குத்தான படி, மாமனார் நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறினார். அறையைச் சுற்றிப் பார்க்க அதிக நேரம் பிடிக்கவில்லை. ஜன்னலோரம் போட்டிருந்த பாயில் இருவரும் உட்கார்ந்தார்கள். மாமியார் எதையோ சொல்ல வாயெடுத்து, இவர்களைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டார்.

"கடைக்குப் போயிட்டு வரலாம், வாங்க" என்றாள் அவள் கணவனிடம்.

"எதுக்கு? எல்லாம்தான் வாங்கியாச்சே."

அவள் அவனைக் கிள்ளினாள். அவன் ஒரு கணம் விழித்தான், பிறகு சட்டென்று செருப்பை மாட்டினான். கதவைச் சாத்திவிட்டு இறங்கினார்கள். பாதிப் படி வருவதற்குள் மேலே மாமியார் உரத்த குரலில் பேசத் தொடங்கியது கேட்டது. கேட்கக் கூடாதென்று வேகமாக இறங்கித் தெருவுக்கு வந்தார்கள். வாங்க ஒன்றுமில்லாததால் தெருமுனை வரை மெதுவாக நடந்தார்கள்.