பக்கத்து வீட்டு ரேடியோவில் அவர் குரல்

என் வீட்டுக்காரர் ஜெயபால் வீட்டில் வாயைத் திறப்பதே சாப்பிடவும் கொட்டாவி விடவும்தான். அம்பத்தூர் ரயில்வே ஸ்டேஷனில் தந்தி குமாஸ்தா வேலை. பகலெல்லாம் அங்கே கட்டுக் கட கட என்று தந்தி அடித்துவிட்டு, வீடு வந்ததும் பின்னறையில் உட்கார்ந்து தன் சொந்த வயர்லெஸ் பெட்டியில் மறுபடி அதையே அடிப்பார். சர்க்கார் லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தார். சீமைக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்கார அதிகாரி விட்டுப்போன பெட்டி, பத்து வருஷப் பழசு. அதன் வழியாக யாழ்ப்பாணத்து ராஜசேகரன் என்பவரோடு ஏழு வருஷ சிநேகம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை, குரலும் கேட்டதில்லை. பதினோரு வருஷம் குடித்தனம் பண்ணிய என்னிடம் பேசியதைவிட அந்த மனுஷரிடம் அடித்ததுதான் அதிகம். அந்தப் பெட்டியைக் கண்டாலே எனக்கு ஆகாது.

1938 ஆகஸ்டில் பட்டணத்து டாக்டர் அவர் தொண்டையைப் பார்த்துவிட்டு, உள்ளே கட்டி என்றார். குரல்வளையை எடுத்துவிட்டால் உயிர் தப்பும், குரல் போய்விடும். இரண்டு வாரம் கழித்து ஆபரேஷன். அதுவரை பேச்சைக் குறைக்கச் சொன்னார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. இந்த மனுஷர் இதற்கு மேல் எதைக் குறைப்பது? ரயிலில் திரும்பி வரும்போது வில்லிவாக்கம் தாண்டியதும் அழுதேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் செருப்பைக் கழற்றும்போது சொன்னார்: "என் கொரலு எப்டி கீதுன்னு ராஜசேகரனுக்குத் தெரியணும். போறதுக்கு முன்னாடி ஒரு தபா."

வயிறு எரிந்தது. போகப்போகிற குரல், அதைக்கூட யாழ்ப்பாணத்துக்குக் கொடுக்க வேண்டுமாம். ஆனாலும் சரி என்றேன். கேட்டது அது ஒன்றுதானே.

அந்தப் பெட்டி தந்திக்காகச் செய்தது. யாரோ ஒரு டெலிபோன் வாய்க்குழலைச் செருகிப் பேச்சுக்கும் மாற்றி வைத்திருந்தார்கள். அதில் இவர் பேசினார். ராஜசேகரனிடம் பேசும் வசதி இல்லை, தந்திக் குறியிலேதான் பதில் வந்தது. இவர் அதைத் தாளில் எழுதிக் காட்டினார். சொல் புரிகிறது, ஆனால் தகர டப்பாவுக்குள் ஆள் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது என்றிருந்தது.

அன்றிலிருந்து பெட்டியைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்தார். ஆபீசுக்கு லீவு. வீடு முழுக்க ஈயம் உருக்கும் நாற்றம். ஒரு வால்விலிருந்து அடுத்த வால்வுக்குக் குரலைக் கடத்தும் கண்டென்சர் ரொம்பச் சின்னதாம், கனத்த சுருதி அதில் நுழையாமல் வெளியிலேயே நின்றுவிடுகிறதாம். பெரியதாக மாற்றினார். வாய்க்குழலைத் தூக்கி எறிந்துவிட்டு நல்ல மைக் ஒன்று வைத்தார். ஆனால் சரியாகிவிட்டதா என்று அவரால் சொல்ல முடியாது. தன் குரல் வெளியே எப்படி இருக்கும் என்று யாருக்குத்தான் தெரியும்? அதற்கு என் காது வேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டுப் பொன்னம்மாளிடம் ரேடியோ இருந்தது. அயனம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் நிலம் உள்ள குடும்பம், அவள் புருஷன் ஆசைப்பட்டு வாங்கிப்போட்டது. சாயங்காலம் விளக்கு வைத்ததும் நான் அங்கே போய் உட்காருவேன். இவர் இங்கிருந்து பேசுவார். ரேடியோவில் கேட்டுவிட்டு வேலித் திறப்பு வழியாகத் திரும்பி வந்து குறை சொல்வேன். அவர் ஏதாவது ஒன்றைக் கழற்றி மாற்றுவார். மறுபடி போவேன். முதல் வாரம் இப்படியே போனது.

என்ன பேசுவது என்று தெரியாமல் ரயில்வே ஸ்டேஷன் பேர்களைச் சொல்வார். பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி. மூக்கால் பேசுகிற ஆள் மாதிரி ஒரு நாள், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இன்னொரு நாள்.

இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை, அவர் "திருநின்றவூர்" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. காலையில் தூக்கம் கலையாமல் காப்பி கேட்பாரே, அந்தக் குரல். அடியில் கனம், மேலே லேசான கரகரப்பு, எல்லாம் அப்படியே இருந்தது.

"அச்சு அசலா அவரேதான், சாராளுக்கா. பக்கத்துல குந்திகினு பேசற மாதிரி கீது" என்றாள் பொன்னம்மாள்.

"உனக்கு இன்னா தெரியும்? சும்மா இரு" என்றேன்.

வீட்டுக்கு வந்தேன். சரியாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் ராஜசேகரனிடம் பேசுவார், பெட்டியை மூடிவைப்பார், அதோடு முடிந்தது. திங்கட்கிழமை ஆபரேஷன் வரைக்கும் மறுபடி கொட்டாவிதான்.

"இன்னும் கொஞ்சம் கனம் வோணும்ங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "சரி" என்றார்.

புதன்கிழமை ஸ்டேஷன்கள் தீர்ந்துபோய், என்னைப் பெண் பார்க்கப் பூந்தமல்லிக்கு வந்த கதையைச் சொன்னார். மாட்டு வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டதாம், முழங்கால் வரை சேறோடு வந்து நின்றவருக்கு நான் செம்பில் தண்ணீர் கொடுத்தேனாம், சிரிக்காமல் கொடுத்தேனாம், அப்போதே முடிவு பண்ணிவிட்டாராம். பதினோரு வருஷத்தில் இதை அவர் சொன்னதே இல்லை. பொன்னம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் வீட்டுக்கு வந்து, "அடித்தொண்டை இன்னும் கேக்கலை" என்றேன். வியாழக்கிழமையும் அதையே சொன்னேன். வெள்ளிக்கிழமையும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். சனிக்கிழமைதான் கடைசி மாலை. அன்று ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தவர் நடுவில் இருமினார். இருமல் நிற்கவே இல்லை. பேச்சைக் குறைக்கச் சொன்ன டாக்டரின் முகம் என் கண்முன்னால் வந்தது. நான் என்ன காரியம் பண்ணிக்கொண்டிருக்கிறேன்? சிநேகிதரிடமும் பேச விடாமல், தொண்டையையும் புண்ணாக்கி. எழுந்து ஓடினேன்.

அவர் செம்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார். வாசலிலேயே நின்று கொட்டிவிட்டேன்.

"செவ்வாக்கிழமையே சரியாய்டுச்சிங்க. நான்தான் பொய் சொன்னேன். கேக்கணும்போல இருந்துச்சி. இப்பவே ராஜசேகரன்கிட்ட பேசுங்க, நான் இனிமே வாயத் தொறக்கலை."

அவர் மேஜையைக் காட்டினார். கூரைக்குப் போகும் ஏரியல் கம்பி பெட்டியிலிருந்து கழற்றப்பட்டுச் சுவரோரம் தொங்கியது. அது இருந்த இடத்தில் ஒரு சின்ன பல்பு. அவர் மைக்கில் மெல்ல ஊதினார். பல்பு பளிச்சென்று எரிந்து தணிந்தது.

"கம்பி இல்லேன்னா எல்லாம் பல்புலயே எரிஞ்சிடும், யாழ்ப்பாணம் போவாது. பக்கத்து ஊட்டுக்குத்தான் எட்டும்" என்றார். "வானத்துல சொந்தக் கதை பேசக்கூடாதுன்னு லைசென்ஸ்ல கீது."

"எப்பலேருந்து?"

"ராஜசேகரன் செவ்வாக்கிழமையே சொல்ட்டான், கொரலு பிரமாதம்னு. இத்தினி வருஷமா என்னை ஒல்லியா, குள்ளமா நெனச்சிகினு இருந்தானாம். அவன்கிட்ட பேச வேண்டியதெல்லாம் அன்னிக்கே பேசி முடிச்சிட்டேன். மறுநாளே கம்பியக் கழட்டிட்டேன்."

"அப்ப தெனம் ஈயம் உருக்கினது?"

"சும்மா" என்றார். "நீதான் இன்னும் வோணும்னு சொன்னியே."

அவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ரேடியோ எதுக்கு? நேர்லயே சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். மைக்கைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "அன்னிக்கி... பூந்தமல்லில..." என்று ஆரம்பித்து, காதெல்லாம் சிவந்துபோய் நிறுத்திக்கொண்டார். பொன்னம்மாள் கேட்க நாலு நாள் அத்தனை கதை பேசிய மனுஷருக்கு, முக்காலடி தூரத்தில் நான் இருந்தால் ஒரு வார்த்தை வரவில்லை. இப்படி ஒரு பிறவி. சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"பொன்னம்மா ஊட்டுக்குப் போறேன். மெதுவா பேசுங்க. நடுநடுவுல தண்ணி குடிங்க."

வேலித் திறப்பைத் தாண்டும்போதே அவர் குரல் பொன்னம்மாள் வீட்டுக் கூடத்திலிருந்து கேட்டது.

"சாராளு, உக்காந்துட்டியா?"

இன்னும் உட்காரவில்லை. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.