நாற்பத்து மூன்று டப்பாவுக்கும் பொட்டு வைத்த கதை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு நாற்காலிக் காலிலிருந்து பிறந்தது. என் வீட்டு நாற்காலியில் ஒரு நட்டு விழுந்து, பின்கால் ஆடியது. அதுக்கென்ன, நம்மிடம்தான் டப்பா இருக்கிறதே என்று பரணிலிருந்து இறக்கித் தரையில் கொட்டினேன். ஒன்றரை மணி நேரம் போனது. இருநூறுக்கும் மேலே நட்டு. ஒன்றாவது சேர வேண்டுமே! கடைசியில் அந்தக் குப்பைக்கு நடுவிலேயே உட்கார்ந்து, ஆத்திரத்தோடு இதை எழுத ஆரம்பித்தேன். ஆத்திரத்தில் பிறந்த கதை கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நட்டு போல்ட்டு சேர்த்து வைக்கிற ஆளைப் பற்றி எழுதுவதென்றால் நல்லகாமனைத்தான் எழுத வேண்டும். யார் அது என்கிறீர்களா? இப்போதுதான் உண்டாக்கினேன். கோச்சடையில், மேலக்கால் ரோட்டு ஓரம் ஒரு தகரக் கொட்டகை. ஆயில் எஞ்சின், பம்புசெட்டு ரிப்பேர். வருஷம் எழுபத்தொன்பது. ஆளுக்கு வயது நாற்பத்தாறு என்று வைத்துக்கொள்வோம்.

2

தொடக்கம் வேண்டும்.

"வைகை மணலில் நிலா உடைந்து கிடந்த அந்த இரவில் நல்லகாமன் —"

வேண்டாம். (அவர் எட்டரைக்கெல்லாம் குறட்டை விடுகிற ஆள். இந்த வாக்கியம் பதினோரு வருஷமாக என் நோட்டில் கிடக்கிறது. எங்காவது உதவும் என்று எழுதி வைத்தது. எந்தக் கதையிலும் ஏற மாட்டேன் என்கிறது, தூக்கிப்போடவும் மனசு வரவில்லை. இதே மாதிரி நூற்றுச் சொச்சம் வைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவனுக்கு நல்லகாமனைக் கிண்டல் பண்ண என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். கேளுங்கள், கேளுங்கள்.)

"நல்லகாமன் ஒரு கஞ்சன்."

இது பொய். பசி என்று வந்து நின்றவனை உட்காரவைத்துத் தன் தூக்குச்சட்டியை அவன் முன்னால் தள்ளுகிறவர் அவர்.

"செல்லத்தாய் கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டு, 'அய்யோ எஞ்சாமி!' என்று ஒற்றைக் காலில் நின்றபோது —"

ஆ, இது பரவாயில்லை. இப்படியே போவோம்.

3

செல்லத்தாய் நல்லகாமனின் மனைவி. கொட்டகைக்குப் பின்பக்கம் வீடு. தண்ணீர்க் குடத்தோடு வீட்டுக்குள் போக வேண்டுமென்றால் கொட்டகை வழியாகத்தான் போக வேண்டும். அந்த வழியில்தான் டப்பாக்கள் இருந்தன. டால்டா டப்பா, பிஸ்கட் டின், பால் பவுடர் டப்பா, மூக்கு உடைந்த எண்ணெய்த் தூக்கு, எல்லாம் சேர்த்து நாற்பத்து மூன்று. உள்ளே பதினெட்டு வருஷத்து நட்டு, போல்ட்டு, வாஷர், பேர் தெரியாத இரும்பு.

திருப்பரங்குன்றத்தில் மலையைச் சுற்றும்போதுகூட நல்லகாமன் தலையைக் குனிந்தே நடப்பார். என்ன பக்தி என்று முதல் இரண்டு வருஷம் செல்லத்தாய் நினைத்தாள். மூன்றாம் வருஷம்தான் அவருடைய சட்டைப்பை கனத்துத் தொங்குவதைப் பார்த்தாள்.

சரி, சேர்த்ததாவது உதவுகிறதா? ஒரு நட்டு வேண்டுமென்றால் டப்பா டப்பாவாகக் கொட்டுவார். தேடியது கிடைக்காது. போன வருஷம் தேடியது கிடைக்கும். "அட, இங்கிட்டா இருக்க நீயி!" என்று அதைக் கொஞ்சி, துடைத்து, திரும்ப ஏதோ ஒரு டப்பாவில் போடுவார். அப்புறம் சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய்ப் புது நட்டு வாங்கி வருவார். ஒன்று தேவையென்றால் மூன்று வாங்குவார். மீதி இரண்டும் டப்பாவுக்கு.

"ஏய்யா, இம்புட்டும் எதுக்கு?" என்பாள் செல்லத்தாய்.

"ஒரு நா ஒதவும்."

"அந்த ஒரு நா என்னைக்கு வரும்? கெழமையச் சொல்லு, வாசல்ல கோலம் போட்டு வைக்கிறேன்."

(தெருவில் அவரை 'மரை கழண்டவர்' என்று சொல்வார்கள். அவருக்குக் கோபம் வரும். பைத்தியம் என்றதற்காக இல்லை. "மரை எப்புடிடா கழறும்? நட்டு கழறும். மரைங்கிறது அதுக்குள்ள சுத்தி ஓடுற வெட்டு. அது தேஞ்சு வழியும், கழறாது. பேசுறதச் சரியாப் பேசுங்கடா" என்பார்.)

இந்த வருஷம் செல்லத்தாய்க்கு அந்த மூலை வேண்டியிருந்தது. வாடகைக்கு மாவரைத்துக் கொடுக்க ஒரு கிரைண்டருக்குச் சொல்லிவைத்திருந்தாள். விஜயதசமியன்று வருகிறது. கரண்டு பிளக்கு இருப்பது அந்த ஒரே மூலையில். ஆக, ஒன்று கிரைண்டர், இல்லை டப்பா. இரண்டுக்கும் இடம் கிடையாது. நான் வேண்டுமென்றே கொட்டகையைச் சின்னதாகக் கட்டியிருக்கிறேன்.

4

ஆயுத பூஜைக்குப் பட்டறையைக் கழுவித் துடைப்பது எங்கேயும் உள்ளதுதான். அதைச் சாக்காக வைத்துச் செல்லத்தாய் திட்டம் போட்டாள். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிற மொக்கையனைத் தள்ளுவண்டியோடு காலையிலேயே வரச் சொல்லிவிட்டு, பூ வாங்கக் கடைக்குப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் நல்லகாமன் குதித்து எழுந்தார். சந்தனத்தைக் குழைத்தார். ஸ்பேனருக்கு வைத்தார், சுத்தியலுக்கு வைத்தார், மேசையில் பூட்டிய வைஸுக்கு வைத்தார். அதோடு நிற்கவில்லை. நாற்பத்து மூன்று டப்பாவுக்கும் சந்தனம், அதன் மேல் குங்குமம். எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக அடுக்கி, தேங்காய் உடைத்து, சூடம் காட்டி முடித்துவிட்டார். செல்லத்தாய் பூவோடு வந்தபோது கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

பூஜைக்கு வைத்த சாமானை மறுநாள் பூஜை பிரிக்கிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. இது தெரியாத ஆள் மதுரையில் உண்டா?

"அடப்பாவி மனுசா!" என்றாள் செல்லத்தாய்.

"சாமிக்கு வச்சதப் பேரீச்சம்பழத்துக்குப் போடுவியாக்கும்?"

மொக்கையன் வண்டியோடு வந்தான். வாசலில் நின்று டப்பாக்களைப் பார்த்தான். அவை நாற்பத்து மூன்று நெற்றியோடு அவனைப் பார்த்தன. "பொட்டு வச்சத நாத் தூக்க மாட்டேன்க்கா. கண்ணு அவிஞ்சு போகும்" என்று எதிர்த்த டீக்கடையில் போய் உட்கார்ந்துவிட்டான்.

நல்லகாமனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதுதான் அவர் செய்த தப்பு. சிரிக்காமல் இருந்திருந்தால் செல்லத்தாய் விட்டிருப்பாள்.

"சிரிக்கிறியா? சரிய்யா. நாளைக்குப் பூசை பிரிக்கிறதுக்குள்ள யாராச்சும் ஒரு ஆளு வந்து, இதுல ஒண்ணு கேட்டு, அது இங்கன கெடைச்சு, பொருந்தட்டும். நா கிரைண்டரத் திருப்பி அனுப்பிர்றேன், சாகுற மட்டும் வாயத் தொறக்கல. இல்லையின்னா அம்புட்டும் வண்டியில ஏறும். நீதான் ஏத்திவிடணும். சம்மதமா?"

"சம்மதம்டீ!" என்றார் வீராப்பாக.

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஆயுத பூஜையன்றைக்குப் பட்டறைக்கு எந்த மடையன் வருவான்?

5

மடையனை அனுப்ப நான் இருக்கிறேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு அலங்காநல்லூரிலிருந்து சைக்கிளில் சங்கிலி வந்தார். (மடையன் என்றது தப்பு, வாபஸ். எழுத எழுதப் பிடித்துப்போன ஆள். கூலிக்கு நாற்று நட்டுக்கொண்டிருந்த குடும்பத்தில் சொந்த வயலில் நடப்போகிற முதல் ஆள். முக்கால் ஏக்கர்.) சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. துண்டில் முடிந்துவைத்திருந்த ஒரு போல்ட்டை எடுத்து நீட்டினார்.

"அண்ணே, நீங்கதான் காப்பாத்தணும். சாமிக்கு வைக்கணும்னு எஞ்சினப் பிரிச்சுத் தொடைச்சோம். திரும்ப மாட்டையில எம் மச்சினன் ஸ்பேனருக்குள்ள பைப்பச் சொருகி முறுக்கிப்புட்டான். நட்டு வெடிச்சிருச்சு. போல்ட்டு நல்லாருக்கு, நட்டு மட்டும் வேணும். டவுன்ல ஒரு கடை தொறக்கல. நாளைக்கு நடவு, இருவது ஆளு சொல்லியாச்சு. நாத்து ஏற்கனவே முத்துது. இன்னைக்குத் தண்ணி பாய்ச்சலைன்னா அம்புட்டும் மாட்டுக்குத்தான்."

நல்லகாமன் போல்ட்டை வாங்கி நகத்தால் நெருடிப் பார்த்தார். முகம் விரிந்தது. "பழைய சீமை எஞ்சினு. இஞ்சு மரை. இப்பக் கடையில விக்கிறது பூராம் எம்.எம். மரை, மில்லிமீட்டர் கணக்கு. கடை தொறந்திருந்தாலும் ஒனக்குக் கெடைக்காது. எங்கிட்ட இருக்கு!"

பதினெட்டு வருஷமாக அவர் காத்திருந்த ஒரு நாள் வந்துவிட்டது. கை டப்பாவை நோக்கிப் பாய்ந்தது.

ஒரு சாண் இடைவெளியில் நின்றது.

"தொடு, தொடு" என்றாள் செல்லத்தாய், இடுப்பில் கை வைத்து. "சாமிக்கு வச்சது. தொட்டுத்தான் பாரேன். நீ தொட்டா அது வெறும் இரும்பு. மொக்கையன் அங்கனதான் உக்காந்திருக்கான்."

6

இந்த இடத்தில் கதை மூன்று நாள் நின்றுபோனது. நான் ஊருக்குப் போய் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் மனுஷன் அதே இடத்தில், நீட்டிய கையோடு நிற்கிறார். தோள் வலித்திருக்கும். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

என்ன செய்யலாம்?

(அ) இன்னொரு சூடம் காட்டி, சாமியிடம் மன்னிப்புக் கேட்டு — சாமி தலையிட்டு முடிகிற கதையை நீங்கள் ஏற்கெனவே நிறையப் படித்திருப்பீர்கள்.

(ஆ) சங்கிலியே எடுக்கட்டும். "நா எடுக்கவாண்ணே?" என்று அவர் கேட்கவும் செய்தார். சரி, நாற்பத்து மூன்று டப்பாவில் எதில்? நல்லகாமனுக்கே தெரியாது. என்றைக்குத் தெரிந்திருக்கிறது?

(இ) நான் நினைக்காதது.

செல்லத்தாய் சங்கிலியின் கால்களைப் பார்த்தாள். கரண்டைக்கால் வரை நாற்றங்கால் சேறு காய்ந்திருந்தது. அவள் சோழவந்தான் பக்கத்து வயல்காட்டில் பிறந்தவள். ஒரு வருஷம் தண்ணீர் இல்லாமல் நாற்று முத்திப்போய், அவளுடைய அப்பா அதை அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டு நாலு நாள் யாரோடும் பேசாமல் கிடந்தார். (இதை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. எழுதும்போது அவளாகச் சொன்னாள்.)

"நகரு" என்றாள்.

"ஏ, பூசைக்கு வச்சது..."

"வச்சது நீ. பூசை பண்ணுறப்ப நா பூக்கடையில நின்னேன். எஞ்சாமி வேற."

நேராகப் போனாள். மூலையிலிருந்து ஐந்தாவது, ஊதா மூடி போட்ட டப்பா. "இஞ்சு நட்டு பூராம் இதுலதான் கெடக்கு."

"ஒனக்கு எப்புடிடீ தெரியும்?"

"பதினெட்டு வருசமா ஒவ்வொண்ணா நகட்டிக் கூட்டுனது யாரு? கொட்டுனத அள்ளி வச்சது யாரு?"

நல்லகாமன் நீட்டிய கையை இறக்கினார். இந்தக் கொட்டகையில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள், எல்லாவற்றையும் தூக்கியெறியச் சொன்னவள்தான் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. அது அவருக்குச் சந்தோஷமா அவமானமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான்.

அவள் கிளறி ஒரு நட்டை எடுத்தாள். முந்தானையில் துடைத்தாள். அதே பருமன், அதே ஆறு மூலை.

"பொறு" என்றார் நல்லகாமன். "அதுக்குள்ள எம்.எம். நட்டும் கலந்து கெடக்கும். பாத்தா ஒண்ணு போலத்தான் இருக்கும். எம்.எம்.மா இருந்தாலும் மொத ரெண்டு சுத்து வழுக்கிக்கிட்டுப் போகும். மூணாவதுல இறுகிரும். மூணாவது சுத்து போனாத்தான் இது அதோட நட்டு."

எதிர்க்கடையிலிருந்து மொக்கையன் டீ கிளாஸோடு எழுந்து வந்தான். சங்கிலி துண்டை இரண்டு கையாலும் பிசைந்துகொண்டிருந்தார்.

செல்லத்தாய் இடது கையில் போல்ட்டைப் பிடித்து, வலது கையால் நட்டை வைத்துத் திருகினாள். முதல் சுற்று போனது.

மூன்றாவதும் போனால் சங்கிலியின் வயலில் தண்ணீர் பாயும். டப்பாக்கள் அங்கேயே இருக்கும், கிரைண்டர் வந்த வழியே திரும்பும். சாகிற வரைக்கும் அவள் வாயைத் திறக்க முடியாது. போகாவிட்டால் மூலை அவளுக்கு. இதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

இரண்டாவது சுற்று போனது.

அவளுடைய உதடு அசைந்தது. பக்கத்தில் நின்ற நல்லகாமனுக்கு மட்டும்தான் கேட்டது.

"ஏறிரு... ஏ தாயி, ஏறிரு..."

7

நான் இரண்டு முடிவும் எழுதிப் பார்த்தேன். ஏறியது என்று எழுதினால் நல்லகாமன் ஜெயிக்கிறார், ஆனால் அவர் முகத்தில் ஜெயித்த களை வரமாட்டேன் என்கிறது. கிரைண்டருக்கு வேறு இடம் பார்க்கலாமா என்று என்னிடமே கேட்கிறார். ஏறவில்லை என்று எழுதினால் செல்லத்தாய் ஜெயிக்கிறாள், ஜெயித்தவள் அடுத்த நட்டைத் தேடி டப்பாவுக்குள் கையை விடுகிறாள். மொக்கையன் வண்டி காலியாகவே நிற்கிறது. இரண்டு தாளையும் கசக்கினேன். (தூக்கிப்போடவில்லை. எங்காவது உதவும்.)

ஆகவே போல்ட்டை உங்கள் இடது கையில் தருகிறேன். நட்டு வலது கையில். இரண்டு சுற்று ஆகிவிட்டது, மூன்றாவதை நீங்கள் திருகுங்கள். ஏறுமா ஏறாதா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. திருகுகிற நேரத்தில் உங்கள் வாய் என்ன முணுமுணுக்கிறது என்று மட்டும், பக்கத்தில் நிற்கிறவர் யாரையாவது கொஞ்சம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.